தராசின் முகம்

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம். மாலை நான்கரை மணிக் கொழுந்து நிறுவை. மடுவத்தில் புதுத் தராசு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முன்பு இருந்தது உத்திரத்தில் தொங்கும் வட்டமுகத் தராசு. சாக்கைக் கொக்கியில் மாட்டினால் முள் ஆடி ஆடி ஓரிடத்தில் வந்து நிற்கும். வரிசையில் நிற்கிற பத்துப் பேருக்கும் அது தெரியும். எழுத்தே தெரியாத கிழவிகூட, நேற்றைக்கு முள் எதுவரை போனது, இன்றைக்கு எதுவரை வந்தது என்று சொல்லிவிடுவார். இப்போது தரையில் ஒரு இரும்புத் தட்டு. அதிலிருந்து ஒரு வயர். வயரின் முடிவில், கணக்கப்பிள்ளையின் மேசைமேல், சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சிவப்பு எண்கள் அதில் மின்னுகின்றன. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மட்டும் பார்க்கலாம்.

“ஐயா, அந்தப் பொட்டிய கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பி வைங்க, நாங்களும் பாக்குறோம்” என்றார் வரிசையில் நின்ற ஒரு அக்கா. இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை கெட்டவர் அல்ல. “திருப்புனா எனக்குத் தெரியாதே புள்ள” என்றார். அதுவும் நியாயம்தான். அந்தப் பெட்டிக்கு ஒரு முகம்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்த இதழுக்கு வேறொரு தலையங்கம் எழுதி வைத்திருந்தோம். அது கிடக்கட்டும்.

தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தால் நம் ஊரில் ஒரே பாட்டுத்தான். அட்டன் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையிலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும், பாடசாலையில் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துப் பேசும்போதும் அதே பாட்டு: “போன் வந்துதாங்க புள்ளைங்க கெட்டுப்போச்சு.” சொல்பவர் கையிலும் ஒரு போன் இருக்கும். யாரோ அனுப்பிய வீடியோ அதில் பாதியில் நிற்கும். இவருடைய அப்பா ரேடியோவைப் பற்றி இதைத்தான் சொன்னார்; லயக் கூரைகளில் டிஷ் முளைத்தபோது இவரே சொன்னார். கெடுதி இல்லை என்று வாதாட வரவில்லை. ரீலோட் போட்டு நடுச்சாமத்தில் பந்தயம் கட்டும் பையன்களை எங்களுக்கும் தெரியும். அதே போனில்தான் ரியாத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு தாய் இரவில் ஐமோவில் வருகிறார். காம்பராவில் அம்மாயி பேத்திக்குத் தலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நடு வகிடு கோணலா போகுது, அழிச்சுப் பின்னுங்க” என்கிறார். அம்மாயி அழித்துப் பின்னுகிறார். அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன பெயர் வைப்பது?

போன் நம் கையில் இருக்கும் சாமான், அதனால் அதைத் திட்டுவது சுலபம். நம் கையில் இல்லாத கருவிகளைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. மலையகத்தில் நம் கூலியையும் கடனையும் உயிரையும் அளந்த கருவிகள் பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கின்றன.

நம் பாட்டன்மார் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு கடதாசி இருந்தது. ஒரு கங்காணியின் ஆட்கள் தோட்டம் மாற வேண்டுமானால், அவர்கள் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. ஒரு குடும்பத்தின் விலை அதில் எழுதியிருக்கும். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அதே காலத்தில்தான் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்ததாகச் சொல்வார்கள். 1920களில் பத்திரிகை நடத்தினார், பிறகு அட்டனுக்கு வந்து சங்கம் கட்டினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அவர் மனைவி மீனாட்சி அம்மையார் சட்டத்தையும் உரிமையையும் பாட்டாக்கிப் பாடினார். எழுத்தைச் சனங்களின் பக்கம் திருப்பி வைக்கும் வேலையைத்தான் அந்த இரண்டு பேரும் செய்தார்கள். இன்றைக்கு வேலி தாண்டிச் செய்தி வரப் புடைவை மூட்டை வேண்டாம். இருந்தும் எந்தச் செய்தி வருகிறது, எது வராமல் நிற்கிறது என்று பார்த்தால் கணக்கு அவ்வளவாக மாறவில்லை.

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லக்ஸபான நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் பின்னர் வந்தன. மேல் கொத்மலை 2012இல் வந்தது, 150 மெகாவாட். நம் மழை, நம் ஆறு. கம்பி லயத்துக் கூரைக்கு மேலாகக் கொழும்புக்குப் போன பின்னும் எத்தனையோ வருடம், அதன் கீழே இருந்த காம்பராக்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

தேயிலை ஏலமும் அப்படித்தான். கொழும்பில் முதல் பகிரங்க ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி நடந்தது. அன்றிலிருந்து ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து விலை கூவித்தான் விற்றார்கள். கொரோனா வந்து 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும், ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஏலம் கணினித் திரைக்கு மாறிவிட்டது. 130 வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம் இரண்டே வாரத்தில் மாறியது. செய்த கெட்டிக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதே மாதங்களில் நம் பிள்ளைகளின் பாடமும் திரைக்கு மாறியது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள். போன் வீட்டில் இருந்த நாளில், சிக்னல் பிடிக்க மலை உச்சித் தேயிலைக்குள் ஏறி, கொழுந்துச் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒருவர் போனைத் தூக்கிப் பிடிக்க மற்றவர்கள் எழுதினார்கள். ஏலத்துக்கு இரண்டு வாரம் போதுமாயிருந்தது. 2025 ஜூலையில் செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தபோது, இனி மலைக்கு சிக்னல் பிரச்சினை இல்லை என்று ஒரு நண்பர் சந்தோஷமாகச் சொன்னார். ஆகாயத்திலிருந்து வருவது உண்மை. அதன் மாதக் கட்டணம் கொழுந்தெடுப்பவரின் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல்.

மடுவத்துக்கே திரும்பலாம். அங்கேதான் காசு இருக்கிறது.

நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்று எத்தனை வருடம் தெருவில் நின்றோம்! 2021இல் வந்தது. 2024இல் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550உம், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தரும் 200உமாக 1,750 என்றார்கள். பத்திரிகைகள் இந்த எண்களைத் தலைப்பில் போட்டன. மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத இன்னொரு எண் உண்டு. அது அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ. 1,000 வந்த கையோடு பல தோட்டங்களில் அந்தக் கிலோவைக் கூட்டினார்கள். எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப் பேர். 18 கிலோ கணக்கென்றால் பதினேழே முக்காலில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, அந்தக் கறுப்புப் பெட்டியின் கடைசி எண் பாதிச் சம்பளம். அதற்கு மேல் கழிவு. சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழிப்பார்கள். ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ என்று வைப்போம். நாளுக்கு மூன்று நிறுவை, மாதத்துக்கு இருபது நாள், அறுபது கிலோ. கூடுதல் கிலோவுக்கு 50 ரூபா என்றால் 3,000 ரூபா. ஈரக் கொழுந்துக்குக் கழிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மழையில் நனைந்த இலை கனக்கும், அது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கழித்தார்கள் என்பது எடுத்தவருக்குத் தெரிய வேண்டாமா?

இதில் இயந்திரத்தின் மேல் குற்றம் இல்லை. சரியாக வைத்தால் முள்ளைவிட எண் தெளிவு. அட்டன் சந்தையில் கால் கிலோ போஞ்சி வாங்கப் போங்கள். கடைக்காரர் முன்னே ஒரு திரை, நமக்கு எதிரே ஒரு திரை. மரக்கறிக் கடைத் தராசுக்கு இரண்டு முகம். கால் கிலோ போஞ்சி வாங்குபவரைக் கடை நம்ப வைக்கப் பார்க்கிறது. பதினெட்டுக் கிலோவை முதுகில் சுமந்து மலையிறங்கி வருபவரை யாரும் நம்ப வைக்க வேண்டியதில்லைபோலும். மடுவத்துத் தராசுக்கு இன்னொரு முகம் வைக்க என்ன செலவாகும்? துரைமார் ஒரு மாதம் குடிக்கும் தேநீருக்கு ஆகாது. அந்தத் தேநீரும் நம்முடையதுதான். சந்தாவை மாதம் தவறாமல் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் தொழிற்சங்கங்கள் இந்த ஒரு திரையைக் கேட்டதாக எங்கள் காதுக்கு எட்டவில்லை. தலைவர்களின் முகநூல் பக்கங்கள் மட்டும் கலகலப்பாக இருக்கின்றன.

கூலியில் விளையாடுவது ஒன்று. உயிரில் விளையாடுவது வேறு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கம் மலைகள் சரிந்தன. மின்சாரம் போனது. கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் செத்து, போன்கள் வெறும் விளக்காயின. அதற்கு முன்பே, சிக்னல் இருந்த மணித்தியாலங்களில், எச்சரிக்கைகள் வந்தன. தமிழில் அவை குறைவாகவும் பிந்தியும் வந்தன என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. மண்சரிவு ஆபத்து அதிகமுள்ள சரிவுகளில் லயம் கட்டி நம்மைக் குடியேற்றினார்கள். அந்தச் சரிவைப் பற்றிய செய்தி நமக்குப் புரியும் மொழியில் கடைசியாக வந்தது. செய்மதி, ரேடார், செயலி, எல்லாம் வேலை செய்திருக்கலாம். முகம் மட்டும் வேறு பக்கம் இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னச் சாமானைச் சொல்ல வேண்டும். மழைமானி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு, 100 ஆனால் கிளம்ப ஆயத்தமாகு, 150 ஆனால் வெளியே போ. மஞ்சள், அம்பர், சிவப்பு. வாய் முதல் அடி வரை ஒரே அகலமான போத்தல் ஒன்று, அடி தட்டையாக இருக்க வேண்டும். பிள்ளையின் அடிமட்டத்தால் ஏழரை, பத்து, பதினைந்து சென்ரிமீற்றரில் மூன்று கோடு. திறந்த இடத்தில் வைத்து, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டால் போதும். சிக்னல் வேண்டாம், ரீலோட் வேண்டாம், கொழும்பிலிருந்து யாரும் மொழிபெயர்க்கவும் வேண்டாம். எங்கள் வாசகர் ஒருவர் இஸ்தோப்புக்கு வெளியே அப்படி ஒன்று வைத்திருக்கிறார். மூன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில் நெயில் பொலிஷால் ‘ஓடு’ என்று எழுதியிருக்கிறார். நாங்கள் பார்த்த கருவிகளில் நமக்கு நேரே முகம் காட்டும் ஒன்று அது.

செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதாமல் இந்தக் காலத்தில் தலையங்கம் முடியாதாம். எங்கள் அனுபவம் சின்னது. இந்த இதழுக்கு வரும் ஆக்கங்கள் முன்பு பாமினி எழுத்துருவில் வரும், மாற்றுவதற்குள் கண் போய்விடும். இப்போது பாதிப் பேர் போனில் பேசியே அனுப்புகிறார்கள், அது எழுத்தாகி வருகிறது. ஒரு தம்பி, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் ‘பெரட்டுக்களம்’ என்று சொன்னதை அது ‘புரட்டுக்களம்’ என்று எழுதியது. திருத்தலாமா விடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தோம். ‘லயம்’ என்றால் என்ன என்று இன்னொரு செயலியிடம் கேட்டோம். சங்கீதத்தில் காலப் பிரமாணம் என்று அழகாக விளக்கியது. நாங்கள் இருநூறு வருடமாகக் குடியிருக்கும் வீடு அதன் அகராதியில் இல்லை. எழுதினால்தானே இருக்கும். இதழ் நடத்தி என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் இப்போதைக்கு இருக்கும் பதில் அதுதான்.

மடுவத்தில் அந்த அக்கா கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒன்று நடந்தது. திரையை யாரும் திருப்பவில்லை. பெட்டியோடு ஒரு சின்ன அச்சுப்பொறியை இணைத்து, ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு விரல் அகலத்தில் சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். போன வாரம் அதில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். படங்குக்குள் வைத்து நனைந்து, ஓரம் கிழிந்திருந்தது. மூன்று வரி, மூன்றும் ஆங்கிலம். முதலாவதில் 14, இரண்டாவதில் 2, மூன்றாவதில் ‘நெட்’ என்று போட்டு 12. சாதாரண தரம் படிக்கும் மகளிடம் வாசிக்கக் கொடுத்தாராம். “நெட்டுன்னா இன்டர்நெட்டும்மா” என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

சீட்டை எங்கள் மேசையில் நீவி விரித்து வைத்துவிட்டு அக்கா கேட்டார்: “அப்ப அந்த ரெண்டு கிலோவும் நெட்டுக்கா போயிருச்சு?”