பிடிக்கலேன்னா ஃபாஸ்ட் டிராவல் பண்ணாதே - அப்படியா சங்கதி?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு கொட்டிடறேன்.

கேம் பக்கமே தலைவெச்சுப் படுக்காத மக்களுக்கு ஒரு வரி முன்கதை: பெரிய உலகத்துல இஷ்டத்துக்குச் சுத்தற ரோல்பிளேயிங் கேம்கள்ல, மேப்பைத் திறந்து ஒரு ஊரைத் தட்டினா அடுத்த நொடி அங்கே நிக்கலாம். அதுதான் ஃபாஸ்ட் டிராவல். இது விளையாட்டைக் கெடுக்குதுன்னு சொன்னா உடனே ஒரு பதில் வரும்: "பிடிக்கலேன்னா யூஸ் பண்ணாதே. உன்னை யாரு கட்டாயப்படுத்தறா?"

கட்டாயப்படுத்தறாங்க சார். எப்படின்னு சொல்றேன்.

2002-ல வந்த மாரோவிண்ட்ல மேப்பைத் தட்டிப் பறக்கற கதையே கிடையாது. சில்ட் ஸ்ட்ரைடர்னு யானையை விடப் பெரிய பூச்சி ஒண்ணு இருக்கும். காசு கொடுத்து ஏறணும், அதுவும் அது போற ஊருக்குத்தான். சாட்ரித் மோரா போகணும்னா அதுவும் உதவாது. படகு பிடிக்கணும், இல்லேன்னா மேஜஸ் கில்டு மந்திரவாதியைப் பார்க்கணும். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி எங்கே இறங்கி எங்கே மாறணும்னு மண்டையில ஏத்திக்கணும். வழியையும் ஆளுங்க வாயாலேயே சொல்லுவாங்க. ஆர்க்ந்தாண்ட் பாழடைஞ்ச கோட்டைக்குப் போக பால்மோராவுல இருந்து கிளம்பி, ஒரு பழைய பாலத்தைத் தாண்டணும். நான் பாலத்தைக் கோட்டைவிட்டு ஒரு சாயங்காலம் பூரா சாம்பல் பள்ளத்தாக்குல அலைஞ்சேன். இன்னிக்கும் அந்த வழி எனக்கு அத்துப்படி.

2006-ல ஆப்லிவியன் வந்தது. கிட்டத்தட்ட எல்லா பெரிய ஊருக்கும் ஆரம்பத்துலேயே பறக்கலாம். திசைகாட்டியில ஒரு அம்புக்குறி வேற. விளைவு என்ன? அம்பு இருக்கேன்னு வழி சொல்றதையே குறைச்சுட்டாங்க. எல்லாரும் பறப்பாங்கன்னு நினைச்சே வேலைகளையும் எழுதினாங்க.

2011-ல வந்த ஸ்கைரிம்ல திருடர் கில்டு இருக்கறது தென்கிழக்கு மூலையில, ரிஃப்டன்ல. அங்கே வெக்ஸ் அக்கா ஒரு சில்லறைத் திருட்டு வேலை கொடுப்பாங்க. எங்கே? மேற்கு ஓரம், மார்கார்த்ல! முடிச்சுட்டுத் திரும்ப ரிஃப்டனுக்கே வந்து சொல்லணும். இப்படி நாலு ஊருக்கு, ஊருக்கு அஞ்சு வேலை. நடந்து பாருங்க, தாவு தீந்துடும். அஞ்சு ஊர் வாசல்ல குதிரைவண்டி நிக்குதுதான். ஆனா அது போக மட்டும்தான், நடுக்காட்டுல இருந்து திரும்ப வர வண்டி ஏது?

ஆக, "யூஸ் பண்ணாதே"ங்கறது லிஃப்ட்டை நம்பி இருபது மாடி கட்டிட்டு, படிக்கட்டுல விளக்கு போடாம விட்டுட்டு, "நடக்கறவன் நடந்துக்கோ"ன்னு சொல்ற மாதிரி.

ஃபாஸ்ட் டிராவலே பாவம்னு நான் சொல்லலை. 1996-ல வந்த டாகர்ஃபால்லயும் அது இருந்தது. அந்த உலகம் அவ்வளவு பெரிசு. ஆனா பத்திரமா போறியா, வேகமா போறியா, சத்திரமா, வெட்டவெளியான்னு கேக்கும். வேலைக்குக் கெடுவும் உண்டு. அதனால அந்தத் தேர்வுக்கு ஒரு விலை இருந்தது. 2015-ல விட்சர் 3 கைகாட்டி மரத்துக்கு வந்தாத்தான் பறக்க விட்டது. 2024-ல டிராகன்ஸ் டாக்மா 2-ல மாட்டுவண்டியில தூங்கிக்கிட்டே போலாம். ஆனா நடுவழியில பூதம் வந்து வண்டியையே நொறுக்கலாம். இவங்கெல்லாம் யோசிச்சிருக்காங்க இல்லே?

நேரமில்லாதவங்க பறக்கட்டும், தப்பே இல்லை. நடக்கறவனுக்கும் வழி சொல்ல ஒரு ஆளும், ஏற ஒரு வண்டியும் வைங்கன்னுதான் கேக்கறேன். ரெண்டு வழியும் உருப்படியா இருந்தாத்தானே அது பேரு தேர்வு?

டிஸ்கி: ராத்திரி பதினொன்றரைக்கு தங்கமணி "இன்னும் தூங்கலையா?"ன்னு குரல் கொடுத்தா நானும் மேப்பைத் தட்டிடுவேன். அதைப் பிடிச்சுக்கிட்டு பின்னூட்டத்துல கும்மாதீங்க :-)