கை தூக்கும் முன் ஒரு கணக்கு

சிறுமலை அடிவாரத்து ஊர்களில் விடியுமுன்பே மில் வேனின் ஹாரன் கேட்கும். அதில் ஏறிப் போகிற பெண்ணிடம் கேட் மீட்டிங்கில் ‘ஸ்ட்ரைக்குக்குச் சம்மதமா?’ என்று கேட்டால், கூட்டத்தோடு அவரும் கை தூக்குவார். வீடு திரும்பியதும் அதே கை விரல் மடக்கத் தொடங்கும்: குழுத் தவணை, பையனின் ஸ்கூல் வேன் பணம், மளிகைக்கடை பாக்கி. இந்தக் கணக்கைக் கோழைத்தனம் என்று மேடையில் ஏசுகிறவர்களைக் கண்டால் நமக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் வீட்டில் உலை கொதிப்பது வேறு யாருடைய சம்பளத்திலோ?

சட்டமும் இப்போது இறுகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டப்படி, எந்தத் தொழிற்சாலையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். முன்பு இந்த வகைக் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் இருந்தது. நோட்டீஸ் கொடுத்தபின் சமரச அதிகாரி பேச்சுக்கு அழைத்தால், பேச்சு நடக்கும் வரையும் அது முடிந்து 7 நாள் வரையும் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் அது ஸ்ட்ரைக்தான். மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டுமே. சம்பளம்? வேலைநிறுத்தம் சட்டப்படியும் இருக்க வேண்டும், நியாயமாகவும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடையாது என்று 1994-லேயே சிண்டிகேட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2003 ஜூலையைத் தமிழக அரசு ஊழியர் குடும்பங்கள் மறந்திருக்காது. ஸ்ட்ரைக் செய்த சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் டிஸ்மிஸ். மன்னிப்புக் கடிதம் எழுதித்தான் பெரும்பாலானோர் திரும்ப உள்ளே போனார்கள். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் 37 நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து நின்றார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் கேட்ட சங்கம் பதிவானது. அது சின்ன வெற்றி இல்லை. ஆனால் அடுத்த மாதமே நிர்வாகிகள் சிலர் சஸ்பெண்ட் ஆக, மறுபடியும் போராட்டம்.

ஆகவே ஸ்ட்ரைக்கே வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் கொத்தடிமைகளாய்க் கிடந்தவர்கள் நிமிர்ந்தது சங்கத்தால்தான், டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் பேசுவது அவர்களைத்தான்.

ஆனால் கணக்கைத் தொழிலாளி தனியாக, ராத்திரியில் போடக் கூடாது. சங்கம் பகலில், எல்லோர் முன்னாலும் போட வேண்டும். நிதி எத்தனை நாள் தாங்கும்? கேஸ் வந்தால் வக்கீல் யார்? மில் விடுதியிலேயே தங்கி, மில் சாப்பாடு சாப்பிடும் பெண் பிள்ளைகள் ஸ்ட்ரைக் அன்று இரவு எங்கே படுப்பார்கள்? இதற்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டு கேட் மீட்டிங் போடுங்கள், தோழர்களே. அதற்குப் பிறகு கை தூக்கச் சொல்லுங்கள்.