பசு பால் கறக்கும் வரை

"சும்மா சோறு போட்டால் எவன் வேலைக்குப் போவான்?"

ஏழைக்கு உதவி என்ற பேச்சு எழுந்ததும் இப்படிக் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரும் கேட்பார். மேடையில் பேசுகிறவரும் கேட்பார்.

வங்காளதேசத்துக் கிராமங்களில் நடந்ததைப் பார்த்தால், இந்தக் கேள்வியே தவறு என்று தெரியும்.

கோதுமை அட்டை

1974-ம் ஆண்டில் வங்காளதேசத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. அதன்பின் கதியற்ற பெண்களுக்கு மாதந்தோறும் கோதுமை கொடுக்கும் திட்டம் வந்தது. கணவனை இழந்தவர்களும், கணவனால் கைவிடப்பட்டவர்களும் அதில் அதிகம்.

ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகள்தான் கோதுமை. பிறகு அட்டை வேறொருத்தியிடம் போய்விடும். அட்டை போனதும் பழைய பட்டினி திரும்பி வந்தது.

"பிராக்" என்ற தொண்டு நிறுவனம் இதைக் கவனித்தது. 1972-ம் ஆண்டில் பஸ்லே ஹசன் அபேத் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. கோதுமை வந்துகொண்டிருக்கும்போதே ஒரு தொழிலைக் கற்றுக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1985-ம் ஆண்டு வாக்கில் கோழி வளர்ப்புப் பயிற்சி தொடங்கியது. பலர் பிழைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அடிமட்டத்தில் கிடந்தவர்களுக்கு அதுவும் எட்டவில்லை. அவர்களுக்காக 2002-ம் ஆண்டில் இன்னொரு திட்டம் வந்தது.

ஊரார் கூடினார்கள்

ஊரில் பரம ஏழை யார்? வெளியூர் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? எனவே ஊராரையே கூட்டி உட்கார வைத்தார்கள். தரையில் ஊரின் படத்தை வரைந்தார்கள். எந்தக் குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஊராரே வரிசைப்படுத்தினார்கள். நாலு பேர் நடுவில் பொய் சொல்வது கஷ்டம் அல்லவா? அப்படியும் யாராவது வேண்டியவர் பெயரை நுழைத்துவிடக்கூடாதே என்று, பிறகு ஊழியர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்கு ஒரு பசு கிடைக்கும். அல்லது ஆடுகளோ, கோழிகளோ கிடைக்கும். கடன் அல்ல, அவளுக்கே சொந்தம். வளர்க்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஊழியர் வாரம் தவறாமல் வந்து பார்ப்பார். கையெழுத்துப் போடவும் கற்றுக் கொடுப்பார்.

அதோடு, முதல் சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு சிறு தொகையும் உண்டு.

திட்டத்தின் உயிர் அந்தச் சிறு தொகையில்தான் இருக்கிறது. பசு கன்று போட்டுப் பால் கறக்க எத்தனை மாதம் ஆகும்? அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? குழந்தை பசியால் அழுதால் தாய் என்ன செய்வாள்? பசுவை விற்றுத்தான் சோறு போடுவாள். உடனே திண்ணைக்காரர், "பார்த்தீர்களா, பசுவைக் கொடுத்தால் விற்றுத் தின்கிறார்கள்" என்பார்!

ஊரில் ஒரு கமிட்டியும் உண்டு. ஓரளவு வசதி உள்ளவர்கள் அதில் இருப்பார்கள். பசு களவு போகாமல் பார்த்துக்கொள்வது, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வது, நோய் வந்தால் உதவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நேற்றுவரை அவளை வாசலில் நிற்க வைத்துப் பேசியவர்கள், இன்று அவள் வீடு தேடி வந்து மாடு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியதாயிற்று.

சோம்பேறிகளா?

உதவி பெற்ற பெண்கள் சோம்பேறி ஆனார்களா?

ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கெடுத்தே பார்த்தார்கள். 1,309 கிராமங்களில், 21 ஆயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களை, 7 ஆண்டுகளில் 4 முறை சந்தித்தார்கள்.

ஊரில் வசதியான பெண்கள் ஆடு மாடு வளர்த்தார்கள். அதில் ஆண்டு முழுவதும் வேலை உண்டு. ஏழைப் பெண்களுக்குக் கிடைத்தது வயல் கூலியும் வீட்டு வேலையுமே. நடவும் அறுப்பும் முடிந்தால் வயலில் கூலி கிடையாது. அந்நாட்டின் வடக்கே ரங்கபூர்ப் பக்கத்தில் அறுப்புக்கு முந்திய மாதங்களுக்கு "மோங்கா" என்று பெயரே உண்டு. மோங்கா என்றால் பட்டினிக் காலம். நம் கணக்கில் புரட்டாசி, ஐப்பசி. அந்த மாதங்களில் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தால் அது சோம்பலா? வேலை இல்லை, அவ்வளவுதான்.

பசு கிடைத்தபின் அந்தப் பெண்கள் முன்னைவிட அதிக நேரம் உழைத்தார்கள். வருமானமும் கூடியது. உதவி நின்ற பிறகும் அது குறையவில்லை.

பக்கத்தில் நம் மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்திலும் இதே முறையை நடத்தினார்கள். அங்கே ஒரு வேடிக்கை. பசு தருகிறோம் என்றதும் பலர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பயந்தார்கள். இலவசம் என்றால் ஏழைகள் ஓடி வருவார்கள் என்பவர்கள் இதையும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

செலவு அதிகமா?

இந்த முறைக்குச் செலவு அதிகம் என்கிறார்கள். உண்மைதான். பசுவுக்கும் பணம் வேண்டும். வாரந்தோறும் வரும் ஊழியருக்கும் சம்பளம் வேண்டும். ஆனால் 6 நாடுகளில் சோதித்து 2015-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், 5 நாடுகளில் செலவைவிடப் பலன் அதிகம் என்று தெரிந்தது.

ஆறாவது நாடு ஹோண்டுராஸ். அங்கே கொடுத்த கோழிகள் நோயில் மடிந்துபோயின. எந்த ஊருக்கு எது பிழைக்கும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதற்கு அது சாட்சி. உதவியே கூடாது என்பதற்குச் சாட்சி அல்ல.

முர்ஷிதாபாத்தில் 10 ஆண்டுகள் கழித்து அதே குடும்பங்களைப் போய்ப் பார்த்தார்கள். பசு பெறாத குடும்பங்களைவிட அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள்; அதிகம் சம்பாதித்தார்கள். வாரந்தோறும் வந்த ஊழியர் அந்தக் கிராமத்தை விட்டுப் போய் அப்போது எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.