பட்டடைக்கல்லைத் தெரிவு செய்ய வேண்டியவர் யார்?

கனடாவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். வன்னியில் மீளக் குடியமர்ந்த இரும்புத் தொழிலாளி ஒருவருக்கு உதவுவதற்காக அவரும் அவருடைய ஊரவர்களும் பணம் திரட்டியிருக்கிறார்கள். புதிய பட்டடைக்கல் ஒன்று, சம்மட்டிகள் இரண்டு, குறடுகள் நான்கு, மின்சார ஊதுவிசிறி ஒன்று எனப் பட்டியலும் தயாராகிவிட்டது. கல்லின் நிறை 50 கிலோ; நீல வர்ணம் பூசப்பட்டது; நின்று வேலை செய்வதற்கு இரும்புக் கால்களும் உண்டு; விலையும் மலிவு. "படம் அனுப்பியிருக்கிறேன், நல்லது என்று ஒரு சொல் சொல்லும்" என்றார். படத்தில் கல் அழகாகத்தான் இருந்தது. ஆயினும் அந்த ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. அதற்கான காரணத்தை, இத்தகைய நற்பணிகளில் ஈடுபட்டிருக்கும் ஏனைய வாசகர்களும் அறிந்துகொள்வது நல்லதென்பதால் இங்கு எழுதுகிறேன்.

நான் இரும்படிப்பவன் அல்லன். செய்தி எழுதிப் பிழைப்பவன். இத்தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தவை யாவும், வலிகாமத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடமிருந்து அறிந்தவையே. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அவர் சுத்தியல் ஒன்றையும் குறடுகள் இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டார். கல்லை வளவில் குழி தோண்டிப் புதைத்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்ததும், கூரையில்லாத வீட்டைத் திருத்த முன்னரே அந்தக் குழியைத்தான் தோண்டினார். கல் இருந்தது, ஆகவே தொழிலும் இருந்தது.

கல் என்று சொன்னாலும் அது இரும்புதான். சங்கப் பாடல்களில் உலைக்கல் என்றும், பின்னாளில் அடைகல், பட்டடை என்றும் வழங்கப்பட்ட இப்பொருளுக்கு எங்கள் பெரியவர் சொல்லும் பெயர் வெறும் 'கல்லு'.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடன் வவுனியாவிலுள்ள பழைய இரும்புக் கடையொன்றுக்குச் சென்றிருந்தேன். மருமகனுக்குக் கல் தேவைப்பட்டது. கடையில் இரண்டு இருந்தன. ஒன்று, என் நண்பர் அனுப்பிய படத்திலிருந்ததைப் போன்ற புதுக்கல். மற்றையது துருவேறி, ஒரு பக்க விளிம்பு உடைந்து, நடுவில் சற்றே பள்ளம் விழுந்த பழைய ஆங்கிலேயக் கல். அதன் பக்கத்தில் 1, 2, 10 என மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கடைக்காரருக்கு அவற்றின் பொருள் விளங்கவில்லை. பிரித்தானியர் தங்கள் கற்களில் நிறையைப் பொறித்த முறை அது. முதலாவது எண் அந்தர், இரண்டாவது கால் அந்தர், மூன்றாவது இறாத்தல். அந்தருக்கு 112 இறாத்தல், கால் அந்தருக்கு 28. ஆக மொத்தம் 178 இறாத்தல், ஏறக்குறைய 81 கிலோ.

ஆனால் பெரியவர் எண்ணையும் பார்க்கவில்லை, வர்ணத்தையும் பார்க்கவில்லை. சிறு சுத்தியலால் இரண்டையும் தட்டிப் பார்த்தார். பழைய கல் மணிபோல ஒலித்தது. புதியது மண்சட்டியைத் தட்டியது போல மந்தமாக ஒலித்தது. பின்னர் மடியிலிருந்து உருக்குக் குண்டு ஒன்றை எடுத்தார். லொறிச் சில்லின் குண்டுப்போதிகையிலிருந்து கழற்றியது. ஒரு சாண் உயரத்திலிருந்து கல்லின் முகத்தில் விட்டார். பழைய கல்லில் அது முக்கால் சாணுக்கு மேலெழும்பித் துள்ளியது. புதியதில் அரைச் சாண்கூட எழும்பவில்லை.

"தம்பி, குண்டு எழும்பாத கல்லிலை சுத்தியலும் எழும்பாது. பிறகு அதை ஒவ்வொரு முறையும் என்ரை கைதான் தூக்க வேணும்" என்றார்.

இதுதான் விடயம். நல்ல கல்லின் முகம் கடினமாக்கப்பட்ட உருக்கு. அடித்த அடியின் விசையில் பெரும்பகுதியை அது சுத்தியலுக்கே திருப்பிக் கொடுக்கிறது. மலிவான கற்களிற் பல வெறும் வார்ப்பிரும்பு. அது விசையை விழுங்கும், அடிபட்ட இடத்தில் குழி விழும், விளிம்புகள் சில்லுச் சில்லாக உடையும். குண்டை 10 அங்குல உயரத்திலிருந்து விட்டால் நல்ல கல்லில் 7 அல்லது 8 அங்குலத்துக்குக் குறையாமல் எழும்ப வேண்டும். 5 அங்குலத்தைத் தாண்டாவிட்டால் அதை வாங்காமல் விடுவதே மேல். ஒலியை மட்டும் நம்புவதும் தவறு. வார்ப்பிரும்பு உடலில் உருக்கு முகம் பொருத்திய நல்ல கற்கள் சில ஒலிப்பதே இல்லை. ஒலித்த கல் ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால், உள்ளே வெடிப்பு இருக்கக்கூடும். ஆகையால் தட்டிக் கேட்கவும் வேண்டும், குண்டை விட்டுப் பார்க்கவும் வேண்டும்.

உடைந்த விளிம்பைச் சுட்டிக்காட்டினேன். நான்கு விரல் அகலத்துக்கு நல்ல விளிம்பு இருந்தால் தனக்குப் போதும் என்றார். நடுப் பள்ளத்தைக் காட்டினேன். வளைந்த அலவாங்கை நிமிர்த்த அது வசதி என்றார். கடைக்காரர் முகத்தைக் கடைந்து மினுக்கித் தருவதாகச் சொன்னபோதுதான் பெரியவருக்குக் கோபம் வந்தது. கடினமான மேற்படை கடைசலில் போய்விட்டால் எஞ்சுவது மென்மையான இரும்புதான். காய்ச்சி ஒட்டினாலும் அந்தக் கடினம் இளகிவிடும்.

இந்த அறிவு சும்மா வந்ததல்ல. 1990களில் வடக்கிற்குத் தடை செய்யப்பட்டிருந்த பொருட்களுள் இரும்பும் ஒன்று. லொறியின் வில்லுத்தகட்டிலிருந்து கத்தியும், உடைந்த அச்சிலிருந்து கோடரியும் அடித்த காலம் அது. கல் இல்லாதவர்கள் தண்டவாளத் துண்டை நிலைக்குத்தாக நட்டு அதன் தலையில் வைத்து அடித்தார்கள். கிடையாகப் போட்டால் அடிக்குக் கீழே மெல்லிய இரும்புதான் இருக்கும். நிமிர்த்தி நட்டால் முழு நிறையும் அடியைத் தாங்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அவர்கள் கையாலும் காதாலும் கற்றார்கள்.

அவர்களுக்கு உதவப் புறப்படும் நாம், அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் பட்டியல் போடுகிறோம். நின்று வேலை செய்பவருக்கு, கையைத் தொங்கவிட்டுப் பொத்தினால் விரல் மொளி படும் உயரத்தில் கல் இருக்க வேண்டும். எங்கள் பெரியவரோ இருந்து அடிப்பவர். அவருடைய கல் தரையில் புதைத்த புளியங்குற்றியில் இறங்கியிருக்கிறது. இரும்புக் கால்களோடு வரும் கல்லை அவர் என்ன செய்வார்? குறடும் அப்படித்தான். வாய் இரும்பின் கனத்துக்குப் பொருந்தாவிட்டால், செந்தணலாய் இருக்கும் துண்டு பறந்து காலில் விழும். தான் பிடிக்கும் இரும்புக்கேற்பத் தன் குறட்டைத் தானே அடித்துக்கொள்பவருக்கு, நாம் நான்கு குறடுகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கிறோம்.

வாழ்வாதார உதவி என்ற பெயரில் வழங்கப்பட்ட கற்கள் சிலவற்றை நான் கண்டிருக்கிறேன். ஒன்று கோழிக்கூட்டின் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. உதவியவர்களின் அறிக்கையில் அது கொடுக்கப்பட்டதாகவே பதிவாகியிருக்கும், அது பொய்யுமல்ல. அதைப் பெற்றவரோ தான் சோம்பேறி என்ற பெயரையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டார். இதுவே எனக்குப் பெரிய வருத்தம்.

"காசாகக் கொடுத்தால் வேறு வழியில் செலவாகிவிடுமே" என்று நண்பர் கேட்டார். நியாயமான அச்சந்தான். அதற்காகத் தொழிலாளியின் தெரிவைப் பறிக்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள ஒருவர் அவரோடு கடைக்குப் போகட்டும். கல்லை அவர் தட்டட்டும், குண்டை அவர் விடட்டும், பணத்தை மட்டும் உடன் சென்றவர் கொடுக்கட்டும். ஒரு பிற்பகல் போதும்.

நண்பர் பட்டியலைக் கிழித்துவிட்டதாகப் பிறகு அறிவித்தார். வன்னியிலுள்ள அந்தத் தொழிலாளியிடம் தொலைபேசியில் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தனக்குக் கல் ஏற்கெனவே இருப்பதாகவும், சிரட்டைக்கரி நனையாதிருக்க ஒரு கொட்டில் போட உதவினால் போதுமென்றும் அவர் சொன்னாராம்.