மஞ்சள் செல், நீல செல்

அக்கா மகன் அனுப்பிய ஜூபிட்டர் நோட்புக்கால் (குறிப்பும் நிரலும் செல் செல்லாக எழுதும் கணினிக் குறிப்பேடு) இந்த வாரம் எரிச்சலிலேயே போனது. மழை அளவுக் கணக்கு, நல்ல உழைப்பு. ஆனால் குறிப்பு செல்லுக்கு மஞ்சள், நிரல் செல்லுக்கு நீலம், ஓரமெல்லாம் ஊதாக் கோடு, தலைப்பில் நெளியும் எழுத்து.

கூடவே தனியாக, தோற்றத்தை மாற்றும் ஒரு கஸ்டம் சிஎஸ்எஸ் கோப்பு. "இதைப் போட்டுட்டுத் திறங்க மாமா, அப்பதான் அழகு தெரியும்." நோட்புக்குக்குள் இருப்பது குறிப்பும் நிரலும் விடையும்தான், இந்த அலங்காரமெல்லாம் அவரவர் கணினியில் தனியே கிடக்கும். போட்டேன், பார்த்தேன், எடுத்துவிட்டேன். வெறும் வெள்ளையில் கணக்கு பளிச்சென்று புரிந்தது.

செல்லை மாற்றியமைப்பதில் எனக்கு விரோதமில்லை. தமிழில் குறிப்பெழுதும் நானே வரி இடைவெளியைக் கூட்டி வைத்திருக்கிறேன். ஒரு பொருளுக்கு ஒரு அடையாளம் என்று வைத்துக் கடைசிவரை அதை விடாதிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் என் ஆசான் கலிலியோ. ஜூபிட்டர் என்ற பெயரே ஜூலியா, பைதான், ஆர் மூன்றையும் கோத்து, வியாழனின் நிலவுகளைப் பதிந்த அவருடைய குறிப்பேட்டுக்கும் ஒரு கும்பிடு போடுகிற பெயர்தானே.

1610 மார்ச்சில் வெனிஸில் அச்சான 'சிதேரியஸ் நுன்சியஸ்' அந்த நிலவுகளைப் பற்றிக் கலிலியோ எழுதிய நூல். வியாழன் படங்களைத் தனிப் பக்கத்துக்குத் தள்ளாமல், வாக்கியங்களுக்கு நடுவிலேயே வரிவரியாகக் கோத்திருப்பார்கள். வியாழனுக்கு வட்டம், நிலவுக்கு நட்சத்திரக் குறி, இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. ஜனவரி 7: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே. 9 அன்று மேகம். 10 அன்று கிழக்கே இரண்டு மட்டும். 13 அன்று நான்கு! இப்படியே மார்ச் 2 வரை. பக்கத்தில் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் நிலவுகள் வியாழனுக்கு இப்புறமும் அப்புறமும் போய்வருவது தெரியும். நடுவில் ஒருநாள் வட்டத்தைச் சதுரமாக்கியிருந்தால் இது நடக்குமா?

நூலுக்கு முந்தைய கையெழுத்துக் குறிப்பைக் கலிலியோ இத்தாலிய மொழியில்தான் தொடங்கினார். ஜனவரி 15 அன்று லத்தீனுக்குத் தாவினார். ஐரோப்பா முழுக்கப் படிக்கப் புத்தகம் போடும் எண்ணம் வந்துவிட்டது. மொழியையே மாற்றியவர் வட்டத்தையும் நட்சத்திரத்தையும் தொடவில்லை.

அச்சிட்ட 550 பிரதிகளும் சீக்கிரமே விற்றுப்போயின. ஆசிரியருக்குத் தருவதாகச் சொன்னது 30, கைக்கு வந்தது 6.