விஞ்ஞானக் கதையும் நம் விமர்சகர்களும்

வன்னியில் நடந்த பாடசாலைச் சிறுகதைப் போட்டியொன்றில் நம் மாணவி ஒருத்தியின் கதை தள்ளுபடியாயிற்று. வானில் வட்டமிடும் ‘வண்டு’ ஒன்று கீழேயுள்ள மக்களை எண்ணுகிறது. நாளுக்கு நாள் அதன் கணக்குக் குறைகிறது. மக்களோ குறையவில்லை, ஒருவரோடொருவர் நெருங்கி மணலிற் குந்தியிருக்கின்றனர். இவ்வளவே கதை. “யதார்த்தம் இல்லை, வார இதழ் விஞ்ஞானக் கதைப் பாணி” என்று நடுவர்கள் தீர்ப்பெழுதினர். அவர்கள் பிற்போக்காளர் அல்லர். மக்கள் இலக்கியம் பேசுவோர், நம்முடன் ஒரே மேடையில் அமர்வோர். அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

எது யதார்த்தம்? ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னி மக்கள் இட்ட பெயரே வண்டு. போர் முடிந்தபோது அம்மாணவி கைக்குழந்தை. அதன் இரைச்சலைத் தாயின் வாயாற் கேட்டு அறிந்தவள். 2009இன் தொடக்கத்தில், வானில் அத்தனை கண்கள் இருந்தும், போர்ப் பகுதியில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேரே என்றது அரசு. பின்னர் வவுனியாவில் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டோர் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகம். உணவும் மருந்தும் அந்தக் குறைத்த கணக்கின்படியே அளக்கப்பட்டன. கற்பனை செய்தது பதினாறு வயதுச் சிறுமியா, கணக்குச் சொன்னவர்களா?

வார இதழ்ப் பாணி என்ற இகழ்ச்சி சுஜாதாவைக் குறிவைப்பது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த நாட்களில் நாமும் அவரை அப்படித்தான் ஒதுக்கினோம். இரவில் ஒளித்து வைத்துப் படித்தோம் என்பது வேறு கதை. எஸ். ரங்கராஜன் (1935–2008) பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்தில் பங்குகொண்டவர். குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதி வந்தமையால் மனைவியின் பெயரைத் தம் புனைபெயராக்கினார். 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் குடிமக்களின் பெயர் இரண்டெழுத்தாகச் சுருக்கப்படுகிறது, எவ்வளவு காலம் வாழலாம் என்பதையும் அரசே விதிக்கிறது. நிலா என்பவள் காணாமற்போன கணவனைத் தேடி அலைகிறாள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 முதல் அமர்ந்து பிள்ளைகள் எங்கே என்று கேட்ட தாய்மாருக்கு நிலாவை நாம் அறிமுகம் செய்ய வேண்டுமா?

சுஜாதாவின் குறையையும் நாம் மறைக்கவில்லை. அக்கதையில் மதி முழுதும் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்கே வாய்த்திருக்கிறது; மக்கள் வெறுங் கூட்டமாக நிற்கின்றனர். கதை நிகழும் காலமாக அவர் வைத்தது 2020களின் தொடக்கம். 2022 யூலையில் கொழும்பிலிருந்து ஒரு சனாதிபதி தப்பியோடியது எந்த இயந்திர நாயின் மதியாலும் அன்று. நடுவர்கள் இந்தக் குறையைத் தொட்டுப் பேசியிருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம். அவர்களோ அந்த வகையையே குப்பையில் எறிந்தார்கள்.

இவ்வகை நமக்கு அந்நியமாம். சுஜாதா மறைந்த அதே 2008இல் மறைந்தவர், ஜே. ரி. மக்கின்ரொஷ் என்ற புனைபெயரில் எழுதிய ஸ்கொட்லாந்துப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் மக்கிரெகர். முந்நூற்றில் ஒருவர் எனப் பொருள்படும் தலைப்பில் 1954இல் அவரது நாவல் நூலாயிற்று. உலகம் அழியப்போகிறது, தப்பிச் செல்லும் சிறு கலத்தின் ஓட்டி, ஓர் ஊரிலிருந்து பத்துப் பேரை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும். அந்நியம் என்பீர்களா? 2009 பெப்ரவரி முதல் மே வரை முல்லைத்தீவுக் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் காயப்பட்டோரையும் உடன் சென்றோரையுமாகப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. யார் படகேறுவது, யார் மணலிற் கிடப்பது என்ற கேள்வியை மாத்தளன் கரையில் நின்றவர்கள் எந்த நாவலும் படிக்காமலே அறிவார்கள். வயலையும் குளத்தையும் எழுதினால் மட்டுமே மண்ணின் இலக்கியம் என்போர், அம்மண்ணின் மேல் பறந்ததை யார் எழுதுவதென்று சொல்லட்டும்.

கதைப்பிரதி திரும்பி வந்து நம் மேசையில் இருக்கிறது. நடுவர் சிவப்பு மையினாற் குறுக்கே கோடிட்ட பக்கம், வண்டு கணக்கில் தவறும் பக்கமே.