முசிறி மிளகும் ஒண்டிக்கடை மிளகும்



சேர்வராயன் மலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமக்கு மிளகு அன்றாடச் சரக்கு. காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் கொடியாய்ப் படர்ந்து, களத்தில் காய்ந்து, மூட்டையாய்க் கட்டப்பட்டு ஒண்டிக்கடைக்கு வருகிறது. இதே மிளகுக்காக 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் பேரரசின் கப்பல்கள் கடல் கடந்து தமிழகம் வந்தன.

அவை வந்த துறைமுகம் முசிறி. திருச்சிப் பக்கத்து முசிறி அல்ல; மேற்குக் கடற்கரையில் சேரர் ஆண்ட முசிறி. கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாய்க் கிடைத்தன. அவ்வூரே பழைய முசிறி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

முசிறி வணிகம் பற்றிய 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று, பாப்பிரஸ் ஏட்டில் எழுதியது, இன்றும் வியன்னா நூலகத்தில் உள்ளது. சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதியில் படகேறி, மத்தியதரைக் கடலோரத்து அலெக்சாந்திரியா நகரைச் சேர வேண்டும். வழியில் கிடங்கில் வைக்கும்போது கடன் கொடுத்தவரின் முத்திரை சரக்கின் மேல் இருக்க வேண்டும். சுங்கம் நாலில் ஒரு பங்கு! வரிச் சுமை என்று வியாபாரி முணுமுணுப்பது நேற்றுத் தொடங்கிய சங்கதி அல்ல.

அங்கிருந்து மிளகு ரோம் நகருக்குப் போனது. மிளகுக்கும் மற்ற வாசனைச் சரக்குகளுக்கும் அங்கே தனிக் கிடங்கே கட்டினார்கள். 1ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி விலையும் குறித்து வைத்துள்ளார். ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரி, வெள்ளை மிளகு 7, கறுப்பு மிளகு 4. கூடவே, மிளகில் ஜூனிப்பர் என்னும் மரத்தின் காயைக் கலக்கிறார்கள் என்றும் எழுதியுள்ளார். கலப்படத்திற்கு வயது 2000 என்று அறிக.

அன்று ஜூனிப்பர் காய். இன்று பப்பாளி விதை. வெளியூர்ச் சரக்கை "ஏற்காடு மிளகு" என்று பொட்டலம் கட்டி, மலை பார்க்க வந்தவர் தலையில் கட்டுவதும் கலப்படத்தின் தம்பிதான். வாங்கிப் போனவர் வீட்டில் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் பப்பாளி விதை மிதக்கும். நம் பெயர் மூழ்கும். ஒரு கடை செய்த தவறுக்கு ஒண்டிக்கடை முழுவதும் பழி சுமக்க வேண்டிவரும்.

"விலை குறைத்துக் கேட்கிறார்களே, என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் பிளினியின் விலைப்பட்டியலிலேயே விடை உள்ளது. தரத்திற்கு ஒரு விலை வையுங்கள். திரண்ட மிளகு தனி, பொடி மிளகு தனி, பொக்கு தனி. எது எதுவென்று சொல்லி விற்பது வியாபாரம். கலந்து மறைத்து விற்பது மோசடி. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தண்டிக்கும்.

எனவே நாம் வேண்டுவது இதுதான். மூட்டை வாங்கும்போதே மாதிரி எடுத்துப் புடைத்துப் பாருங்கள். பொட்டலத்தில் விளைந்த ஊரையும் கட்டிய தேதியையும் அச்சிடுங்கள். இம்மலையில் விளையாததற்கு இம்மலையின் பெயர் வேண்டாம்.

அன்று முத்திரையை நம்பிச் சரக்கு கடல் கடந்தது. நம் பொட்டலத்தை நம்பி அது சேலம் வரையாவது போகட்டும்!